அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய நாய் மார்புப்பட்டை: கரடு ஏறி இறங்கிய பின் ஒரு மதிப்பீடு

சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடிய கால்நடைச் சந்தையில், குதிரைச் சேணமும் மாட்டுக் கழுத்துப்பட்டையும் தைத்து விற்கும் ஒரு கடையில், எங்கள் நாய் செவலைக்கு ஒரு மார்புப்பட்டை வாங்கினேன். இப்போது எல்லோரும் ஹார்னஸ் என்று சொல்லும் பொருள்தான் அது. விலை 850 ரூபாய். ஐந்து மாதங்களாகத் தெருவிலும் தோட்டத்திலும் அதைப் பயன்படுத்தியபோது எழுதும் அளவுக்கு எதுவும் தோன்றவில்லை. தை மாதத்தில் நண்பரும் நானும் செவலையுடன் காங்கேயத்துக்குக் கிழக்கே ஒரு கரட்டின், அதாவது சிறு பாறைக்குன்றின், தடமில்லாத பக்கமாக ஏறி இறங்கிய அன்றுதான் அதன் நிறையும் குறையும் முழுதாகத் தெரிந்தன.

இதற்கு முன் இணையத்தில் வாங்கிய பட்டை ஒன்று எங்களிடம் இருந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டையும் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையும் கொண்ட அமைப்பு. நெஞ்சுப்பட்டை தோள் மூட்டின் மேலேயே கிடந்ததால் செவலை முன்னங்காலை முழுதாக நீட்ட முடியாமல் குறுநடை போட்டது. அதைவிடப் பெரிய குறை, நாய் பயந்து பின்வாங்கினால் முழுப் பட்டையும் தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். ஒருமுறை சாலையோரத்தில், லாரி வரும் நேரத்தில், அப்படியே நடந்தது. அன்று வெறும் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நடுக்கம் இன்னும் போகவில்லை.

அந்தியூரில் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, செவலையைப் போன்ற நாட்டு நாய்களுக்கு நெஞ்சு ஆழமாகவும் இடுப்பு ஒட்டியும் இருக்கும் என்பதை எடுத்துக்காட்டி, விலா எலும்புகள் முடியும் இடத்துக்குப் பின்னால் இன்னொரு பட்டை வேண்டும் என்றார். "பின்னாடி இழுத்தா கழண்டுக்கக் கூடாதுங்க, அதுக்குத்தானுங்க இந்த மூணாவது பட்டை" என்று சொல்லி, நான் எழுதிக் கொண்டுபோயிருந்த அளவுகளைப் பார்த்து, அரை மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார். கழுத்தடியிலிருந்து கிளம்பும் இரண்டு பட்டைகள் மார்பெலும்பின் மேல் ஒன்றாகச் சேர்ந்து முன்னங்கால்களுக்கு நடுவே போகின்றன. தோள் மூட்டு இரண்டும் திறந்தே இருக்கின்றன. பட்டைகள் இரண்டு விரல் அகல நைலான் நாடா. வளையங்கள் வாய் தெரியாமல் பற்றவைத்த எவர்சில்வர். முதுகின் மேல் சேணத்துத் தோலில் தைத்த ஒரு கைப்பிடி இருக்கிறது; அதன் இரு முனைகளிலும் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடுகிறது. பாரம் தாங்க வேண்டிய இடத்தில் எந்தக் கடையில் வாங்கினாலும் இந்தத் தையலைத் தேடிப் பார்க்க வேண்டும். இழுவிசை ஒரே வரிசை நூலில் விழாமல் நான்கு பக்கமும் பிரிந்து போவதற்கு அதுதான் வழி.

கரட்டை ஏன் தேர்ந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, வீட்டு நாய் வழியாகக் காட்டு விலங்குகளுக்கு நோய் பரவும் என்பதால் நாயை அங்கே கொண்டுபோகவே கூடாது. நாங்கள் ஏறிய கரடு நண்பரின் உறவினருடைய கொறங்காட்டுக்கு உள்ளேயே எழுந்து நிற்கிறது. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல் என்று காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் மேய்வதற்காகவே காலங்காலமாகக் காக்கப்படும் நிலம் அது. அவரிடம் கேட்டுக்கொண்டு, மாடுகள் பட்டியில் இருக்கும் விடியற்காலையிலேயே புகுந்தோம்.

தெற்குப் பக்கம் ஆடு ஓட்டுபவர்களின் தடம் உண்டு. நாங்கள் போனது வடக்குப் பக்கம். உயரம் பெரிதில்லை என்று நினைத்துக் காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்பத் திட்டமிட்டிருந்தோம். இறங்கி முடித்தபோது பகல் பன்னிரண்டரை. தைப்பனியின் ஈரம் காயாத சரிவுப் பாறைகள், கால் வைத்தால் உருளும் கற்கள், ஆளைப் பிடித்து நிறுத்தும் சூரை முள், அதற்கும் மேலே ஆள் உயரத்தைத் தாண்டிச் செங்குத்தாக நிற்கும் பாறைப் படிகள். இந்தப் படிகளில்தான் மார்புப்பட்டைக்கு வேலை வந்தது. நண்பர் முதலில் ஏறிக் கயிற்றை இறக்குவார். நான் கயிற்றை முதுகு வளையத்தில் கட்டி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறு கையால் செவலையின் பின்தொடைகளைத் தாங்கி மேலே தள்ளுவேன். இப்படி நான்கு இடங்களில் 21 கிலோ எடையுள்ள நாயைத் தூக்கினோம். எந்த மார்புப்பட்டையிலும் நாயை வெறுமனே தொங்கவிடுவது தவறு, அடியில் ஒரு கை இருக்கத்தான் வேண்டும். ஆனாலும் விலாவுக்குப் பின்னால் போன அந்த மூன்றாவது பட்டை இருந்ததால் உடல் தலைகீழாகச் சரியாமல் மட்டமாக ஏறியது. செவலையும் இரண்டாவது முறைக்குப் பிறகு திமிறாமல் ஒத்துழைத்தது.

உச்சியில் மேற்கே சிவன்மலையும் வடக்கே சென்னிமலையும் தெரிந்தன. பத்து நிமிடம் உட்கார்ந்தோம்.

இறக்கத்தில் காய்ந்த புல் மூடிய வழுக்குப்பாறையில் செவலையின் பின்கால்கள் நழுவி, உடல் முழுதும் பாறை விளிம்புக்கு வெளியே போனது. கயிற்றின் மறுமுனையை நண்பர் ஒரு வெள்வேல மரத்தின் அடியில் சுற்றிப் பிடித்திருந்தார். பட்டை ஒரு வெட்டு வெட்டி நின்றது. இழுத்து மேலே ஏற்றிய பிறகு நாங்கள் மூவருமே அசையாமல் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: கைப்பிடியின் ஓரத் தையலில் நான்கைந்து நூல்கள் எழும்பியிருந்தன, சதுரத் தையலில் ஓர் இழைகூட நகரவில்லை, வளையம் கோணவில்லை. 850 ரூபாய்க்கு இதைவிட நான் எதையும் கேட்கமாட்டேன்.

குறைகள் இரண்டு. முதலாவது, முன்னங்கால்களுக்குப் பின்னால் சுற்றிவரும் பட்டையின் பக்கிள் காலின் இடுக்கை ஒட்டி வருகிறது. சமதரையில் அது தெரிவதில்லை. கால் உயர்த்தி ஏறும்போது ஒவ்வோர் அடியிலும் தோலில் உரசுகிறது. இரண்டாவது, அடிப்பக்கம் முழுவதும் குதிரைச் சேணத்துக்கு வைப்பதைப் போலக் கம்பளி வைத்துத் தைத்திருக்கிறார். மெத்தென்று இருக்கும் என்று கடையில் நானும் மகிழ்ந்தேன். ஆனால் நாயுருவி விதைகளும் ஒட்டுப்புல்லும் அந்தக் கம்பளியில் ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் தோலைச் சுரண்டியிருக்கின்றன. மாலையில் பட்டையைக் கழற்றியபோது இடுக்கில் இரண்டு இடங்களில் மயிர் போய்ச் சிவந்திருந்தது. கால்நடை மருத்துவர் புண்ணைக் கழுவி உலர்வாக வைக்கச் சொன்னார். ஆற நான்கு நாட்கள் ஆயின. நடுவே ஒருமுறை பட்டையைக் கழற்றிப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது. அந்தப் பிழை என்னுடையது.

கம்பளிக்கு இன்னொரு தீங்கும் உண்டு, அது வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க முடியும். பதினொரு மணிக்குப் பாறை சுடத் தொடங்கியதும் செவலையின் நாக்கு அகன்று தொங்கியது. நிழலில் படுக்கவைத்து, பட்டையைத் தளர்த்தி, வயிற்றிலும் உள்ளங்கால்களிலும் தண்ணீர் ஊற்றி, இளைப்பு அடங்கும் வரை காத்திருந்தோம். மனிதருக்கு இரண்டு லிட்டர் என்று எடுத்தால் நாய்க்கும் தனியாக இரண்டு லிட்டர் எடுக்க வேண்டும். பாறையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயும் அங்கே நடக்கக்கூடாது. எங்கள் பக்கத்துக் கரடுகளில் சுருட்டை விரியனும் உண்டு என்பதால், தடமில்லாத இடத்தில் எக்காரணத்துக்காகவும் கயிற்றை அவிழ்க்கக்கூடாது.

வாங்க நினைப்பவர்கள் நாயின் கழுத்தடிச் சுற்றளவு, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, விலா முடியும் இடத்துச் சுற்றளவு ஆகிய மூன்றையும் வீட்டிலேயே நூல் வைத்து அளந்துகொண்டு போக வேண்டும். பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி தைக்கச் சொல்ல வேண்டும். கம்பளி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் காங்கேயத்தில் ஒரு தையற்காரரிடம் கொடுத்துக் கம்பளியைப் பிரித்துவிட்டு, பழைய ஜீன்ஸ் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக்கொண்டேன். கூலி 60 ரூபாய். அதன்பின் இரண்டு முறை நீண்ட நடை போயும் தோல் சிவக்கவில்லை. பக்கிளை மட்டும் அவரால் இடம் மாற்ற முடியவில்லை. வரும் ஆடியில் பட்டையை அந்தியூருக்கே எடுத்துச்சென்று, பக்கிளை முதுகுப் பக்கம் ஏற்றித் தைக்கச் சொல்லப் போகிறேன். நண்பரும் தம் வீட்டு நாய்க்கு ஒன்று தைப்பதற்காக அளவெடுத்து வைத்திருக்கிறார்.