பொன்னியின் சுழிகளைத் தேடிக் குறித்த மருத்துவர்

என் அப்பா மதுரை ரயில் நிலையத்து வாசலில் ஜட்கா ஓட்டியவர். குதிரை வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே சுழியைத்தான் தேடுவார். ஒத்தக்கடைப் பக்கத்துக் கால்நடை மருத்துவர் ஒருவர் என் பொன்னியின் நெற்றிமயிரை விலக்கி, விரல் நுனியால் தடவிச் சுழி தேடியபோது எனக்கு அப்பாவின் கை ஞாபகம் வந்தது. அப்பா தேடியது ராசிக்காக. இவர் தேடியது அடையாளத்துக்காக. மனிதருக்குக் கைரேகை போலக் குதிரைக்குச் சுழி.

பொன்னி ஏழு வயது கத்தியவார் பெண் குதிரை. காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். கோட்டயம் பக்கம் இருக்கும் என் மாமன் மகனின் பொலிகுதிரையோடு சேர்க்க அவளைக் கேரள எல்லையில் உள்ள குமுளி வழியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே வேலைக்கு ஒரு லாரி ஏஜெண்டை நம்பினேன். குதிரையைப் பார்க்காமலேயே ‘சிவப்புக் குதிரை, ஒன்று’ என்று எழுதிய சான்றிதழை வாங்கிக் கொடுத்தார். “இந்த ரத்தப் பரிசோதனை இந்தக் குதிரைக்குத்தான் எடுத்தது என்பதற்கு என்ன அடையாளம்?” என்று சோதனைச் சாவடியில் கேட்டார்கள். பதில் இல்லை. இரவோடு இரவாகத் திரும்பினோம். காலையில் பார்த்தால் அவளுடைய முன்னங்கால்கள் வீங்கியிருந்தன. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த மருத்துவர் கொட்டிலுக்கே வந்தார். குதிரையின் இரு பக்கமும் முகமும் கோட்டுருவமாக அச்சிட்ட தாளில் வெள்ளைக் குறிகளைச் சிவப்பு மையிலும் சுழிகளைக் கறுப்புப் பெருக்கல் குறியாலும் வரைந்தார். இடது பின்னங்காலில் கணு வரை வெள்ளை, நெற்றியில் சுட்டி, அதற்கு மேலே இரட்டைச் சுழி. கழுத்தின் வலப்பக்கம் பிடரிமயிருக்கு அடியில் ஒரு சுழி இருப்பது இத்தனை நாள் தேய்த்துக் குளிப்பாட்டிய எனக்கே தெரியாது. முக்கால் மணி நேரம் இதற்கே போனது. அவர் வாங்கிய பணம் இந்த முக்கால் மணி நேரத்துக்கே தகும்.

பிறகு கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தார். குழாயைக் குலுக்க விடவில்லை. சிவப்பணு உடைந்தால், மேலே தெளியும் நீரான சீரத்தில் நிறம் இறங்கி, சோதனை கெட்டுவிடும் என்றார். ரத்தம் உறைந்து, மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளிந்த பிறகே அதைப் பிரித்து, பனிப்பொதியில் வைத்து, ஹரியானாவின் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பினார். அங்கே கிளாண்டர்ஸ் நோய்க்கு எலைசா என்ற ரத்தச் சோதனையும் செய்கிறார்கள். இது பாக்டீரியாவால் வருவது, மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியானால் விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கான 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குதிரையைக் கொன்றுதான் ஆக வேண்டும். முடிவு வரும்வரை ஒன்பது நாள், மூக்கு ஒழுகுவதும் இந்த நோயின் அறிகுறி என்பதால், அவள் மூக்கில் ஈரம் தெரிந்தாலே எனக்கு அடிவயிறு கலங்கியது. குதிரைகளுக்கு ரத்தச்சோகை உண்டாக்கும், கடிக்கும் ஈக்கள் பரப்பும் வைரஸ் நோய்க்கும் சேர்த்தே பார்க்கச் சொல்லியிருந்தேன். இரண்டிலும் நோய் இல்லை என்று வந்தது.

குறையும் இருக்கிறது. மாதிரியை வெள்ளிக்கிழமை அனுப்பினார். ஞாயிறு முழுக்க அது வழியில் எங்கோ கிடந்தது. பனிப்பொதி தாங்கியது எங்கள் நல்ல நேரம். மதியத்தில் அழைத்தால் போனை எடுப்பதில்லை. படிவங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உடன் போகும் ஆளுக்காகத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரலாம்.

பயணத் தகுதிச் சான்றிதழை முதல் நாளே கேட்டேன், மறுத்துவிட்டார். புறப்படும் காலையில் வந்து, காய்ச்சல் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட்டார். வண்டியையும் விடவில்லை. விலங்குகள் போக்குவரத்து விதிகள் 1978இல் இருப்பதை ஓட்டுநரிடம் சொல்லிச் செய்ய வைத்தார்: தரையில் வழுக்காத விரிப்பு, எட்டு சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாத மூங்கில் தடுப்பு, எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாமல் இருக்கக் குதிரையின் தலை இடப்பக்கம். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். உசிலம்பட்டி, தேனி, கம்பம் என்று ஊர்ந்தோம். லோயர் கேம்ப்பில் தண்ணீர் காட்டிவிட்டு மலை ஏறினோம்.

குமுளியில் ஓர் அதிகாரி தாளைக் கையில் பிடித்தபடி வண்டிக்குள் ஏறி, பொன்னியின் நெற்றிமயிரை விலக்கினார். இரட்டைச் சுழி. கழுத்துப் பக்கம் போய்ப் பிடரியைத் தூக்கினார். அதுவும் இருந்தது. பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

வருகைக்கும் சான்றிதழுக்குமாக மருத்துவருக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன். பரிசோதனையும் கூரியரும் தனி. இதுபோன்ற மருத்துவரை அழைப்பவர்கள் காலை ஏழு மணிக்கு முன் அழையுங்கள், ரத்தம் எடுப்பதைத் திங்கள் அல்லது செவ்வாய்க்குக் கேட்டு வாங்குங்கள்.