பழைய கணினியில் ஃபிரீபிஎஸ்டி: பூட் ஆகாவிட்டால் உடனே அழித்துவிடாதீர்கள்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் டிவிக்குப் பின்னால் ஒரு பழைய கோர் 2 டுவோ கணினி பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது, மெமரி 4 ஜிபிதான், இரண்டு டிஸ்க். அதில் ஃபிரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பள்ளி வேலைகள், அம்மாவின் கேசட்டுகளிலிருந்து மாற்றிய பாட்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

1993இல் வெளிவந்த இந்த அமைப்பு இன்றும் பழைய வன்பொருளை மதிக்கிறது. தேவையில்லாத எதையும் அதுவாகத் தொடங்குவதில்லை, பெரும்பாலான செட்டிங்குகள் ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பில் இருப்பதால் எது ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்று வருடங்கள் கழித்துப் பார்த்தாலும் புரிகிறது. வைஃபைதான் பலவீனம். நான் கேபிள் போட்டுவிட்டேன்.

போன தடவை ஊருக்குப் போனபோது பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் பூட் ஆகவில்லை. கணினிக் கடைகள் இருக்கும் சிம் லிம் பக்கம் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணே, இத மின்கழிவுத் தொட்டில போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்றார். எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் திரை தெளிவாகவே பேசிக்கொண்டிருந்தது. இயங்குதளத்தின் மையமான கர்னல் ஏறியது, டிஸ்க்குகளின் பெயர்கள் வரிசையாக ஓடின, கடைசியில் ஏடிஏ0பி2 (முதல் டிஸ்க்கின் இரண்டாம் பகுதி) பிரிவை மவுண்ட் செய்ய, அதாவது இணைத்துப் பயன்படுத்த, முடியவில்லை, எரர் 19 என்று ஒரு வரி, அதற்குக் கீழே கட்டளைக்குக் காத்திருக்கும் மவுண்ட்ரூட் பிராம்ப்ட்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு நிரலான பயாஸ் முதலில் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் சின்ன பூட் கோடை எடுக்கிறது, அது லோடரை அழைக்கிறது, லோடர் கர்னலை ஏற்றுகிறது, கர்னல், அடிப்படைக் கோப்புகள் இருக்கும் ரூட் பிரிவைத் தேடுகிறது. லோடர் மெனுவே வராவிட்டால் பயாஸில் பூட் வரிசையையும் பூட் கோடையும் பாருங்கள். மெனு வந்து, கர்னல் பாதியில் உறைந்தால் அதே மெனுவில் செய்திகளை விரிவாகக் காட்டும் வெர்போஸைப் போட்டு எந்த வரியில் நிற்கிறது என்று கவனியுங்கள், அப்டேட் செய்த பிறகு இப்படி ஆனால் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம், அதை அப்டேட் கருவி ஓரமாக எடுத்து வைத்திருக்கும். மவுண்ட்ரூட் வரை வந்துவிட்டால் பயமே வேண்டாம். கர்னல் நலமாக இருக்கிறது, ரூட் எந்த டிஸ்க்கில் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

அங்கே ஒரு கேள்விக்குறியைத் தட்டி என்டர் அடித்தால் கண்ணில் படும் எல்லாப் பிரிவுகளையும் அது காட்டும். (சில பழைய கணினிகளில் இந்த இடத்தில் யூஎஸ்பி விசைப்பலகை வேலை செய்யாது, வட்ட முனை கொண்ட பழைய பிஎஸ்2 விசைப்பலகை ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.) என் பட்டியலில் ரூட் பிரிவு ஏடிஏ1பி2 ஆகியிருந்தது. கோப்பு முறையின் பெயரான யூஎஃப்எஸ், முக்காற்புள்ளி, பிறகு அந்தப் பிரிவின் முழுப் பாதை என்று அடித்ததும் ரூட் மவுண்ட் ஆகி, அமைப்பு மேலே தொடர்ந்தது.

மூல காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி. மின்சாரம் இல்லாத நாட்களில் அது தீர்ந்துபோய், பயாஸ் அமைப்புகள் அழிந்து, டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை புதிய ஏஎச்சிஐயிலிருந்து பழைய ஐடிஇக்கு மாறி, அதனால் டிஸ்க் எண்கள் இடம் மாறிவிட்டன. தேதியும் பல வருடம் பின்னால் போயிருந்தது, அந்த நிலையில் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்பதால் மென்பொருள் பேக்கேஜ்கூட இறங்காது. பேட்டரி சில வெள்ளிதான், புளோக் கீழே இருக்கும் கடையிலேயே கிடைத்தது. மாற்றிவிட்டு, பயாஸில் ஏஎச்சிஐயும் தேதியும் சரி செய்தேன். அப்புறம் எந்தப் பிரிவை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க் எண்களை எடுத்துவிட்டு, பிரிவுகளுக்கு நாமே வைக்கும் பெயர்களான ஜிபிடி லேபிள்களை எழுதினேன். இனி எண் மாறினாலும் லேபிள் மாறாது. இதை ஒவ்வொருவரும் நிறுவிய அன்றே செய்ய வேண்டும் என்பேன்.

32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2025 டிசம்பரில் வந்த ஃபிரீபிஎஸ்டி 15.0 பதிப்பு ஐ386 எனப்படும் அந்த 32 பிட் கணினிகளில் நிறுவ வராது. 14 வரிசைக்கு 2028 நவம்பர் வரை ஆதரவு உண்டு. அதற்குப் பிறகும் அந்தக் கணினியை ஓட்ட நினைத்தால் அதே குடும்பத்து இன்னொரு இயங்குதளமான நெட்பிஎஸ்டியை இப்போதே ஒரு தனி டிஸ்க்கில் போட்டுப் பழகத் தொடங்குங்கள்.