சிறுகுதிரை உயரம் அளக்கும் அலுமினியக் கோல்: ஒரு மதிப்பீடு

சிறுகுதிரைகளின் (மினியேச்சர் குதிரைகளின்) உயரத்தை அளப்பதற்கென்றே செய்யப்பட்ட அலுமினியக் கோல் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, கொழும்பை அடுத்த கடலோரக் கல்கிசையில் எங்கள் லாயத்தில் பயன்படுத்தி வருகிறேன். மேலும் கீழும் நகரும் அதன் குறுக்குச் சட்டத்தில் சிறிய ரசமட்டம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கொடுத்த விலைக்கு அதுவே தகுதியான காரணம். சட்டம் இரண்டு பாகை சாய்ந்தாலே, ஓரடி தொலைவில் ஏறத்தாழ 0.4 அங்குலம் பிசகிவிடும். 1978இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் வளர்ந்த குதிரைக்கு 34 அங்குலத்தையே உச்ச வரம்பாக வைத்திருப்பதால், அந்தப் பிசகு ஒரு குதிரையின் பதிவையே பாதிக்கக்கூடியது.

தையல் நாடாவால் அளப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாடா தோளின் வளைவோடு சேர்ந்து செல்வதால் செங்குத்து உயரத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். குதிரைக்கு இது நியாயமே அல்ல. மற்றக் குதிரைகளை, கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் உள்ள தோள்மேட்டின் உச்சியில் அளப்பார்கள். சிறுகுதிரைகளுக்கோ, மேற்படி சங்கத்தின் விதிப்படி, பிடரிமயிரின் கடைசி மயிர் முளைக்கும் இடத்தில் சட்டம் படிய வேண்டும். ஆகவே மயிரை விரலால் விலக்கி, அடித்தோலைப் பார்த்த பிறகே சட்டத்தை இறக்குவது நல்லது. முன்னங்கால்கள் நேர்குத்தாக நிற்க, தலை இயல்பான நிலையில் இருக்க வேண்டும்.

கோல் எவ்வளவு நல்லதாயினும் தரை சரியில்லையென்றால் பயனில்லை. நம் லாயங்களில் கழுவிய நீர் வடிந்தோடுவதற்காகச் சீமெந்துத் தரையைக் கானின் பக்கம் சரித்தே போடுகிறார்கள். குதிரையின் கால் ஓரிடத்திலும் கோலின் அடி சற்றுத் தாழ்ந்த இடத்திலும் இருந்தால், ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றாலும் அளவு கூடிவிடும். மட்டம் பார்த்துப் போட்ட தடித்த பலகையில் குதிரையையும் கோலையும் சேர்த்து நிறுத்துவதே நான் கண்ட சரியான வழி.

குறைகளும் உண்டு. ஒரு பக்க அளவுகோல் 'கை' கணக்கில் (ஒரு கை நான்கு அங்குலம்) இருப்பதால், 8.2 என்பது எட்டுக் கையும் இரண்டு அங்குலமும், அதாவது 34 அங்குலம் என்று தெரியாதவர்கள் அதைத் தசமமாக வாசித்துவிடுவார்கள். மறுபக்கத்துச் சென்டிமீட்டரையே பார்ப்பது பாதுகாப்பானது. சட்டத்தை இறுக்கும் திருகாணி சாதாரண இரும்பு என்பதால், கடற்காற்றில் விரைவிலேயே துருப்பிடித்துச் சட்டம் தளர்ந்துவிட்டது. கொழும்பில் பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளில் அதே அளவில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி கிடைக்கிறது, வாங்கியவுடனேயே மாற்றிவிடுங்கள்.