கார்டா, சிம்மா? மான் வேட்டைக்கு டிரெயில் கேமரா எடுப்பதற்கு முன்

டிரெயில் கேமரா என்பது மரத்தில் மாட்டிவிட்டால் விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா. அதன் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மெகாபிக்சல்தான். அதைப் பார்த்து வாங்காதீர்கள். 30 மெகாபிக்சல் என்று விற்கும் பல கேமராக்களில் சென்சாரின் உண்மையான அளவு அதில் பாதிகூட இருக்காது. மிச்சத்தை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. ஃபைல் பெரிசாகும், கொம்பின் கிளைகள் தெளிவாகாது. முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு கேள்வி: கேமரா மாட்டிய இடத்துக்கு எத்தனை தடவை போய் வரப் போகிறீர்கள்?

படத்தை மெமரி கார்டிலேயே சேமித்து வைக்கும் கார்டு கேமராவும், மொபைல் சிக்னல் வழியாகப் போனுக்கு அனுப்பும் சிம் கேமராவும் பிரிகிற இடம் அதுதான். கார்டு கேமரா விலை குறைவு, மாதக் கட்டணம் இல்லை, சிக்னல் எட்டாத பள்ளத்திலும் ஓடும். ஆனால் கார்டைக் கழற்ற ஒவ்வொரு முறையும் நடந்தே போக வேண்டும். மிதித்த புல்லிலும், உரசிய கிளையிலும், பிடித்த மரப்பட்டையிலும் நம் வாடை தங்கிவிடும். குட்டிகளும் இளம் மான்களும் பெரும்பாலும் பொருட்படுத்தாது. முதிர்ந்த ஆண் மானிடம் அது நடக்காது. சில தடவை வாடை பிடித்தாலே பகலில் அந்தத் தடத்தைத் தவிர்த்துவிட்டு இருட்டிய பிறகு மட்டும் வர ஆரம்பிக்கும். யாரைத் தேடிக் கேமரா மாட்டினோமோ, அதையே விரட்டிவிடுகிறோம்.

அதனால் மான் பகலில் படுக்கும் புதருக்குப் பக்கத்தில் சிம் கேமராதான் என் தேர்வு. சந்தாவும் செலவும் கூடுதல்தான், கொடுக்கலாம். வாங்குமுன் கேமரா மாட்டப்போகும் மரத்தடியில் நின்று சிக்னலைப் பாருங்கள். சிக்னல் மெலிந்தால் படம் அனுப்பத் திணறியே பேட்டரி காலியாகும். வயல் ஓரம், வண்டி போகிற பாதை போல எப்படியும் நீங்கள் கடக்கிற இடங்களுக்குக் கார்டு கேமரா தாராளம். அங்கே ஒரு சிம் கேமரா விலைக்கு இரண்டு கார்டு கேமரா மாட்டுவது புத்திசாலித்தனம்.

இதில் சட்டமும் குறுக்கே வரும். அமெரிக்காவில் அரிசோனா 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா பயன்படுத்துவதையே தடை செய்துவிட்டது. நெவாடாவில் பொது நிலத்தில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை கூடாது. படம் அனுப்பும் ரகமென்றால் தடை ஜூலை 1-இலேயே தொடங்கிவிடும். மானுக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

அடுத்தது இரவு ஃபிளாஷ், அதாவது இருட்டில் படமெடுக்கக் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளி. அலைநீளத்தைப் பொறுத்து 850, 940 என்று இரண்டு ரகம். 850 நானோமீட்டர் எல்.இ.டி. வெளிச்சம் தூரம் பாயும், படம் பளிச்சென்று வரும். ஆனால் நேரே பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 ரகத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, பதிலுக்கு எட்டும் தூரம் குறையும், படம் புள்ளிபுள்ளியாகும். மான் மிரளுமா என்ற விவாதம் ஓயவில்லை. பொது நிலத்தில் எனக்குப் பெரிய பயம் திருடன்தான், அங்கே 940. சொந்த நிலத்தின் திறந்த வெளிக்கு 850.

டிரிகர் வேகத்துக்காக, அதாவது மான் எதிரே வந்ததும் கேமரா எவ்வளவு சீக்கிரம் படமெடுக்கிறது என்பதற்காக, அதிகம் கொடுப்பதா? தீவனம் போட்ட இடத்தில் மான் நின்று மேயும், ஒரு நொடி தாமதித்தாலும் படம் விழும். தடத்தில் நடந்து போகும் மானுக்கு அரை நொடிக்கும் குறைவான வேகம் வேண்டும், இல்லாவிட்டால் கார்டு முழுக்க வாலும் பின்னங்காலும்தான். மெதுவான கேமராதான் கையில் இருக்கிறதென்றால் தடத்துக்குக் குறுக்கே வைக்காமல் சாய்வாக, தடத்தின் நீளம் தெரிகிற மாதிரி மாட்டுங்கள். மான் சட்டகத்துக்குள் அதிக நேரம் இருக்கும். வெயில் லென்ஸில் நேராக விழாதபடி, பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் வடக்குப் பார்த்து வைப்பது நல்லது.

பேட்டரியில் எனக்குக் குழப்பமே இல்லை. குளிரில் ஆல்கலைன் சீக்கிரம் சோர்ந்துவிடும். லித்தியம் ஏஏ மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும். ரீசார்ஜ் ஏஏ 1.2 வோல்ட்தான் தரும், சில கேமராக்கள் அதைத் தீர்ந்த பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளும். சிம் கேமராவோடு சோலார் தகடு சேர்த்து வாங்குவதானால், வெயில் விழும் மரமாகப் பார்த்து மாட்டுங்கள். அடர்ந்த நிழலில் அது காசுக்குக் கேடு.