சர்ஃபாக்டன்ட்–நீர் திரவப் படிகங்கள்: நுண்ணோக்கியா, என்எம்ஆரா, எக்ஸ் கதிரா?

நீரில் சர்ஃபாக்டன்டின் (சோப்பு போன்ற, நீரை விரும்பும் தலையும் வெறுக்கும் வாலும் கொண்ட பொருள்) செறிவு கூடக் கூட, மைசெல் (அம்மூலக்கூறுகளின் சிறு திரள்) கரைசல் பெரும்பாலும் முதலில் அறுகோண நிலைமையாகிறது (நிலைமை: phase); அதில் உருளைத் திரள்கள் அறுகோண ஒழுங்கில் அடுக்கியிருக்கும். பல அமைப்புகளில் அது ஒரு கனசதுர நிலைமையை (முப்பரிமாணத்தில் ஒழுங்கமைந்தது) கடந்து அடுக்கு நிலைமையை (தாள் தாளாக அமைந்தது) அடைகிறது. இந்த வரிசையையும் எல்லைகளையும் கண்டறிய உதவும் மூன்று முறைகளில் எதுவும் தனித்து நின்று போதுமானதன்று.

விரைவில் முதலிடம், முனைவாக்கிய ஒளியில் மாதிரியைப் பார்க்கும் முனைவாக்க நுண்ணோக்கிக்கே. கண்ணாடித் தகட்டில் வைத்த சர்ஃபாக்டன்டின் ஓரத்தில் நீரைத் தொடவிட்டால் செறிவுச் சரிவு உண்டாகி, நிலைமைகள் அனைத்தும் பட்டை பட்டையாக அடுத்தடுத்துத் தோன்றும். விசிறிக் கோலம் அறுகோணத்தையும், மால்ட்டீஸ் சிலுவைகள் அடுக்கையும் உணர்த்தும். இரட்டை ஒளிவிலகல் (ஒளியை இரண்டாகப் பிரிக்கும் இயல்பு) இல்லாத கனசதுரம் மைசெல் கரைசலைப் போலவே இருளாகத் தெரிந்தாலும், அதன் விறைப்பில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் கோணலாக நிற்பதால் பழகிய கண் ஏமாறாது. ஆனால் ஒவ்வொரு பட்டையின் செறிவு என்ன என்பதை இம்முறை சொல்லாது.

எல்லைகளைத் துல்லியமாக வரைய, என் தேர்வு டியூட்டீரியம் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு); இதற்கு நீருக்குப் பதில், டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கொண்ட கனநீர் பயன்படுகிறது. கனநீர் மூலக்கூறுகளின் நிறமாலை அடுக்கு நிலைமையிலும் அறுகோணத்திலும் இரண்டாகப் பிளவுபடுகிறது. அறுகோணத்தில் நீர் மூலக்கூறுகள் உருளையைச் சுற்றி விரைந்து விரவுவதால், மற்றவை ஒத்திருக்கும்போது அறுகோணத்தின் பிளவு அடுக்கினதில் பாதியாகும். இரு நிலைமைகள் கலந்திருந்தால், பிரித்தெடுக்காமலேயே இரண்டின் நிறமாலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். இம்மாற்றங்கள் பெரும்பாலும் முதல்வகை மாற்றங்கள் (இரு நிலைமைகளும் ஒரு பகுதியில் சேர்ந்திருக்கும் திடீர் மாற்றங்கள்) என்பதால், குறுகிய அந்த இரு நிலைமைப் பகுதியைத் தவறவிடாமை முக்கியம். எனினும் பாதி என்ற விகிதத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது ஆபத்து: பிளவு செறிவுடனும் வெப்பநிலையுடனும் மாறுகிறது. கனநீர் எல்லைகளைச் சற்றே நகர்த்துவதும் உண்டு.

கனசதுரத்திலோ என்எம்ஆர் ஒற்றைக் கோடு காட்டி நின்றுவிடுகிறது. அங்கே சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறலுக்கு மாற்றில்லை. சிதறல் முகடுகளின் இடங்கள் 1:2:3 என்ற விகிதத்தில் இருந்தால் அடுக்கு, 1:√3:2 என்றால் அறுகோணம், √6:√8 எனத் தொடங்கினால் பெரும்பாலும் கைராய்டு (வலைபோல் பின்னிய ஒருவகைக் கனசதுர நிலைமை). ஓரிரு முகடுகளே கிடைக்கும்போது மட்டும் இம்முறை தடுமாறும். இதன் தனிச்சிறப்பு, நிலைமை மாற்றத்தின் பாதையைக் காட்டுவது: ஒரே திசையில் சீரமைந்த மாதிரிகளில், அறுகோண உருளைகளின் அச்சு கைராய்டின் 111 திசையாகவும், அறுகோணத்தின் 10 தளங்கள் கைராய்டின் 211 தளங்களாகவும் தொடர்வதைக் காணலாம் (இவ்வெண்கள் படிகத்தின் திசைகளையும் தளங்களையும் குறிக்கும் குறியீடுகள்). பழைய கட்டமைப்பு முற்றிலும் கலையாமல், தன் தள இடைவெளியை ஏறத்தாழக் காத்தபடியே புதியதாக மாறுகிறது என்பதற்கு இதுவே நேரடிச் சான்று.