மேல்கம்பிப் பராமரிப்பில் ஏமாந்தேன்: காந்தம் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

ஊட்டிக்கு அருகே லவ்டேலில் எங்கள் வீட்டின் பின்புறச் சரிவில் 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் அமைத்து, ஏழு ஆண்டுகளாக மாதிரி மின்ரயில் ஓட்டி வருகிறேன். நீலகிரி மலை ரயிலின் 1,000 மில்லிமீட்டர் பாதையை 1:22.5 என்று சுருக்கினால் ஏறக்குறைய இதே அகலம்தான் வரும் என்பதால் இந்த அளவைத் தேர்ந்தெடுத்தேன். மலை ரயிலுக்கு இல்லாத மேல்கம்பியை, அதாவது பாதைக்கு மேலே ஓடி ரயிலுக்கு மின்சாரம் தரும் கம்பியை, மட்டும் என் ஆசைக்காகச் சேர்த்துக்கொண்டேன்.

கடந்த ஏப்ரலில், பழைய செம்புக் கம்பி தேய்ந்துபோனதால், இத்தகைய வேலையில் அனுபவம் உண்டு என்று சொல்லிக்கொண்டு சமவெளியிலிருந்து வந்த ஒருவரிடம், 24 மீட்டர் நீளத்துக்குப் பாஸ்பர் வெண்கலக் கம்பி மாற்றுவதற்கும் ஓராண்டுப் பராமரிப்புக்குமாகச் சேர்த்து 18,000 ரூபாயை முன்பணமாகவே கொடுத்தேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் கம்பியில் செந்நிறத் துரு கண்டது. செம்பிலோ வெண்கலத்திலோ பச்சைக் களிம்பு ஏறுமே தவிர, துருப் பிடிக்காது. ஐயம் எழுந்து காந்தத்தை அருகே கொண்டுசென்றபோது அது கம்பியோடு ஒட்டிக்கொண்டது. எனக்குக் கிடைத்தது செம்புப் பூச்சுப் பூசிய இரும்புக் கம்பி. கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க ரயிலின் கூரையில் நிற்கும் பாண்டோகிராஃப் உரசி உரசிப் பூச்சு விலகிய இடங்களில், ஈரம் பட்டவுடன், செம்பின் அருகிலிருக்கும் இரும்பு தனியே இருப்பதைவிட விரைவாக அரிபடும்.

கம்பி மட்டும் போனதென்றால் மனம் ஆறியிருப்பேன். உண்மையான ரயில்பாதையில் கம்பியை நேர்க்கோட்டில் இழுக்காமல், நேர்ப்பாதையில் மையத்திலிருந்து இருபுறமும் 200 மில்லிமீட்டர் வரை மாற்றி மாற்றி விலக்கிக் கட்டுவார்கள். நம் அளவில் அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். பாண்டோகிராஃபில் கம்பியோடு உரசும் கரிப்பட்டை ஒரே இடத்தில் தேயாமலிருக்கவே இந்த ஏற்பாடு. இவரோ தண்டவாளத்தின் நடுவே நூல் பிடித்தாற்போல் கட்டிவிட்டார். கரிப்பட்டையில் ஆழமான பள்ளம் விழுந்து, கம்பி அதில் சிக்கத் தொடங்கியது. மேலும், கம்பி வெயிலில் நீள்வதற்கும் குளிரில் சுருங்குவதற்கும் ஈடுகொடுக்க அதன் கோடியில் நான் வைத்திருந்த இழுவிசைச் சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, நடுப்பகல் வெயிலில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். டிசம்பரில் உறைபனி இறங்கிய காலை, 25 பாகை வெப்ப வேறுபாட்டில் அந்த நீளம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் சுருங்க, வளைவிலிருந்த மூன்று மரக் கம்பங்கள் உள்ளே சாய்ந்துவிட்டன. அவற்றை என் மகளும் நானும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து செதுக்கியிருந்தோம்.

தொலைபேசியில் கேட்டபோது, "மலைக் காற்றுக்கு எந்தக் கம்பியும் இப்படித்தான் ஆகும், சார்" என்றார். பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை. அவர் தந்த ரசீதில் "கம்பி, ஒரு சுருள்" என்று மட்டுமே இருப்பதால் என்னால் எதையும் நிலைநாட்ட முடியவில்லை. ஆகவே, இவ்வேலையைப் பிறரிடம் ஒப்படைப்போர் உலோகத்தின் பெயரையும் கம்பியின் தடிமனையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்; சுருளைப் பிரிக்கும்போதே, அவர் முன்னிலையிலேயே, காந்தத்தை வைத்துப் பாருங்கள்; ஒரு பருவமழை கடக்கும்வரை பாதித் தொகையைக் கையில் வைத்திருங்கள்.