டைக்குகளுக்கு வயது கணிக்கும் ஆய்வகம்: ஒரு மதிப்பீடு

பழம்பெரும் நிலத்திட்டுகளை ஊடறுத்து நிற்கும் டோலரைட் டைக்குகளின், அதாவது விரிசல்களில் மாக்மா எனும் பாறைக்குழம்பு ஏறி உறைந்த கரும்பாறைச் சுவர்களின், வயதைக் கட்டணத்திற்குக் கணித்துத் தரும் ஆய்வகம் ஒன்றுக்கு மூன்று மாதிரிகளை அனுப்பியிருந்தேன். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அறிக்கையில் உண்டு.

இத்தகைய ஆய்வகத்தின் தரம் நிறமாலைமானியைவிட, பாறையைப் பொடித்துக் கனிமத்தைப் பிரிக்கும் அறையில்தான் தெரியும். வயது கணிக்க வழக்கமாகப் பயன்படும் சிர்கான் என்ற கனிமம் டோலரைட்டில் அரிது. கிடைப்பதும் மாக்மா ஏறி வந்த வழியிலுள்ள பழைய பாறையிலிருந்து வந்ததாயின், டைக்கின் வயதை மிகைப்படுத்திக் காட்டிவிடும். ஆகவே பேடெலியைட்டையே தேட வேண்டும். இலங்கையின் ரக்வானையில் முதலில் அறியப்பட்ட இந்தச் சிர்கோனியம் ஆக்சைடு, படிகமாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொண்டு காரீயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடுவதால், இன்று அதிலுள்ள காரீயத்தில் பெரும்பகுதி யுரேனியம் சிதைந்து உண்டானதே. ஆனால் அதன் துகள்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத மெல்லிய தகடுகள். நீரோடும் அதிர்வு மேசையில் பொறுமையாக அலசி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார்கள். ஒரு மாதிரியை நான் டைக்கின் விளிம்பிலிருந்து எடுத்திருந்தேன். விரைவில் குளிர்ந்த அப்பகுதியில் துகள்கள் அளவுக்கு மீறி நுண்ணியவை என்று கூறி, கட்டணம் வாங்காமல், நடுப்பகுதியிலிருந்து வேறு கல் கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

கிடைத்த வயதுகளின் வலிமை இரட்டைக் கடிகாரத்தில் இருக்கிறது. யுரேனியத்தின் இரு வகைகள் வெவ்வேறு வேகத்தில் காரீயமாகச் சிதைகின்றன: யுரேனியம்-238இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235க்கு 70.4 கோடி, இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம், காரீயம் கசிந்திருந்தால் முரண்படும். பழைய பொட்டாசியம்–ஆர்கான் முறையில், பிற்காலச் சூட்டில் ஆர்கான் வெளியேறியதை இவ்வாறு எளிதில் கண்டுகொள்ள முடியாது. இந்தத் துல்லியம் ஆடம்பரமன்று: கனடாவில் விசிறிபோல் விரியும் மெக்கன்சி டைக்குகள் சுமார் 126.7 கோடி ஆண்டு பழமையானவை என உறுதியானதால்தான், இன்று பிரிந்து கிடக்கும் நிலத்திட்டுகளில் அதே வயதுடைய டைக்குகளைத் தேடி, இரண்டும் முன்பு அடுத்தடுத்து இருந்தனவா என்று கேட்க முடிகிறது. ஒரு வயது பொருந்துவது தற்செயலாகலாம். பல நிகழ்வுகளின் வயதுகள் வரிசையாகப் பொருந்தி, பாறை உறைந்தபோது அதில் பதிந்த தொல்காந்தத் திசைகளும் இசைந்தால்தான் வாதம் நிற்கும்.

குறைக்கு வருகிறேன். முதலில் வந்த அறிக்கையில் இறுதி வயதும் வரைபடமும் மட்டுமே இருந்தன. ஐசோடோப்பு விகிதங்களின் அட்டவணையும், ஆய்வின்போது கலந்த புறக் காரீயத்தின் அளவும், இரண்டு பகுப்பாய்வுகள் ஏன் ஒதுக்கப்பட்டன என்ற விளக்கமும் இரண்டு முறை கேட்ட பிறகே வந்தன. அடுத்த தொகுதியையும் இவர்களிடமே அனுப்புவேன், அட்டவணை தரப்படும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொண்டு.